முழங்கைக்கு அளந்த நூல்

அன்பு ஹுய்ஜுவானுக்கு,

வூஷியிலிருந்து கென்ஷிங் எழுதுவது. நான் நன்றாக இருக்கிறேன். கடைவாய்ப் பல் ஒன்றுதான் அவ்வப்போது முறுக்கிக்கொள்கிறது. ஷென்சென்னில் நீங்கள் எல்லோரும் சுகம் என்பதைத் தினமும் கைபேசியில் பார்க்கிறேன். பார்ப்பது என்ன, பேரன் தோதோவின் மூக்குத் துவாரத்தைப் பார்க்கிறேன். அவன் போனைப் பிடுங்கிக்கொண்டு ஓடுவதற்குள் நாம் பேசுவது, சாப்பிட்டாயா, சாப்பிட்டேன், அவ்வளவுதான். நம் மகள் லிங்யாவும் பக்கத்திலேயே நிற்கிறாள். அதனால்தான் பேனாவை எடுத்தேன். இதை நீ மட்டும் படி.

போன ஞாயிற்றுக்கிழமை லிங்யா என்ன சொன்னாள் என்று உனக்கும் கேட்டிருக்கும். "தோதோ ஸ்கூல்ல சேர்ற வரைக்கும் அம்மா இங்கயே இருக்கட்டும்பா. நீயும் வீட்டைப் பூட்டிட்டு வந்துடு. தனியா உக்காந்து அங்க என்ன பண்ணப்போற?" என்றாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள், கோபம் இல்லை. நீ பின்னால் நின்று அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தாய். "நீ என்ன சொல்ற?" என்று உன்னைத்தான் கேட்டேன். "பாக்கலாம்" என்றாய். கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே உன் 'பாக்கலாம்' எனக்குப் பழக்கம். புது சோபா கேட்டபோது சொன்ன 'பாக்கலாம்' வேண்டாம் என்று அர்த்தம். என்னைக் கட்டிக்கொள்கிறாயா என்று கேட்டபோது சொன்னது சரி என்று அர்த்தம். இது எந்த வகை என்று தெரியாமல் ஒரு வாரமாக உலாத்திக்கொண்டிருக்கிறேன். இலையுதிர்காலத்தில் ஒஸ்மாந்தஸ் பூ பூக்கும்போது திரும்பி வருவதாகத்தானே சொல்லிவிட்டுப் போனாய்!

வீட்டுச் செய்தி. உன் வெங்காயத்தாள் தொட்டி செழிப்பாக இருக்கிறது. கீழ்வீட்டு மா அக்கா வாரம் ஒருமுறை வொண்டான் கொழுக்கட்டை செய்து கொண்டுவந்து தருகிறாள். பதிலுக்கு அரைமணி நேரம் உட்கார்ந்து தெருக்கதை முழுவதையும் என் காதில் கொட்டிவிட்டுப் போகிறாள். அவள் உனக்கு ஏதாவது எழுதும் முன் நானே சொல்லிவிடுகிறேன். பூங்காவில் ஒரு பெண்ணிடம் உன் புருஷன் கையைக் கொடுத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான் என்று அவள் சொன்னால், அது உண்மை. முழுவதையும் கேள்.

கோடை முடிகிற சமயத்தில் உங்கள் பூங்கா இசைக்குழுத் தலைவர் சியன் அண்ணன் வீட்டுக்கு வந்தார். தேநீர் வரும் வரை வானிலை பேசினார். அப்புறம் மெதுவாக ஆரம்பித்தார். "கென்ஷிங், ஹுய்ஜுவானோட இடம் ரொம்ப நாளா காலியா இருக்கு. ஒரு பருவம் வரலைன்னா அடுத்தவங்களுக்குப் போகணும். வீட்டு ஆள் யாராவது வாத்தியத்தோட வந்து உக்காந்தாத்தான் இடம் நிக்கும். அவளும் சேர்ந்து போட்ட சட்டம்தாம்பா இது." கற்பூர மரத்தடியில் முன்வரிசை இடது ஓரம், உன் இடம். அடுத்து காத்திருப்பது பெய் ஃபாங், பாலர் பள்ளி டீச்சராக இருந்தாளே, அவள்தான்.

எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, "நான் உக்காருறேன்" என்று சொல்லிவிட்டேன். அவர் தேநீரை மூக்கில் ஏற்றிக்கொண்டு இருமினார். "நீயா? படகு ஹாரனைத் தவிர வேற எதுலயாவது சத்தம் வரவச்சிருக்கியா நீ?" என்றார். கடைசியில் ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார். நான் உட்காரலாம், வில்லால் தந்தியைத் தொடக்கூடாது, இடது கை விரல்களை மட்டும் முறைப்படி பழக வேண்டும். அது படிந்த பிறகுதான் வில். பழகாமல் பொம்மை மாதிரி உட்கார்ந்தால் இடம் போய்விடும்.

யார் கற்றுக்கொடுப்பது? மறுநாள் பூங்காவில் பெய் ஃபாங்தான் முக்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு எதிரே வந்து உட்கார்ந்தாள். "ஊர்ல இல்லாதவ இடத்தைப் புடுங்கிக்கிட்டான்னு எனக்குப் பேர் வேணாம் அண்ணே. கையைக் குடுங்க" என்றாள். அந்தக் கையைத்தான் மா அக்கா பார்த்தாள். சந்தேகம் வேண்டாம், பெய் ஃபாங் என் சுண்டுவிரலை மதித்த அளவுக்குக்கூட என்னை மதிக்கவில்லை.

ஹுய்ஜுவான், நீ இத்தனை வருஷம் முன்னறையில் உட்கார்ந்து வாசித்தபோது இது இவ்வளவு கஷ்டம் என்று ஏன் என்னிடம் சொல்லவில்லை? இருப்பதே இரண்டு தந்தி. விரலுக்கு அடியில் பலகை கிடையாது, கட்டை கிடையாது, காற்றில் அழுத்த வேண்டியிருக்கிறது. கால்வாயில் காலமெல்லாம் சுக்கான் பிடித்த கை இது. உன் எர்ஹு வாத்தியத்தின் கழுத்தைப் பார்த்ததும் இறுக்கிப் பிடித்துவிட்டது. "அண்ணே, அதைப் புடிக்காதீங்க. அது உங்க கைமேல சாஞ்சிருக்கட்டும். உள்ளங்கையில கோழிமுட்டை இருக்கறதா நினைச்சுக்கோங்க" என்றாள் பெய் ஃபாங். முதல் நாள் பூராவும் நான் உடைத்த முட்டைகளில் ஒரு கல்யாண விருந்தே போட்டிருக்கலாம்.

பயிற்சி இதுதான். ஆள்காட்டி விரலைத் தந்திமேல் வைத்துவிட்டு எடுக்கக்கூடாது. நடுவிரலைத் தூக்கித் தட்ட வேண்டும், 'டப்' என்று லேசாக ஒரு சத்தம் கேட்கும் அளவுக்கு. அப்புறம் மோதிர விரல், அப்புறம் சுண்டுவிரல். தட்டும்போது மற்ற விரல்கள் அசையக்கூடாது. என் மோதிர விரல் எழுந்தால் சுண்டுவிரலும் கூடவே எழுகிறது, மாமியார் கிளம்பினால் மருமகளும் செருப்பு மாட்டுகிற மாதிரி. அதற்காகத் தனியாக ஒரு பயிற்சி கொடுத்தாள்: முதலாவதும் மூன்றாவதும், இரண்டாவதும் நான்காவதும், மாற்றி மாற்றி. துடைப்பக் கட்டையில் தட்டினேன். பேருந்துக் கம்பியில் தட்டினேன். பல் மருத்துவர் வாயைத் திறக்கச் சொன்னபோது நாற்காலிக் கையில் தட்டிக்கொண்டிருந்தேன். பயமாக இருக்கிறதா என்று கேட்டார்.

காலையில் குழு வாசிக்கும்போது நடுவில் நான் சத்தமில்லாமல் விரல் தட்டிக்கொண்டிருப்பேன். முதலில் சிரித்தார்கள். நடக்க வந்த கிழவர் ஒருவர் குனிந்து பார்த்து, "இவரோடது ரிப்பேரா?" என்று கேட்டார். இப்போது யாரும் சிரிப்பதில்லை. உன் இடத்தில் உட்கார்ந்தால் ஏரிக்காற்று நேராக இடது கன்னத்தில் படுகிறது. மழைக்காலத்திலும் நீ ஏன் அந்த இடத்தை விட்டுக்கொடுக்கவில்லை என்று அங்கே உட்கார்ந்துதான் புரிந்தது. எனக்கு அங்கே நிம்மதியாக இருக்கிறது. வீட்டில் அப்படி இல்லை.

போன வாரம் வில்லைக் கையில் கொடுத்தார்கள். சுலபமான மெட்டு ஒன்று. என் விரல்கள் பழகினபடி சரியாகத்தான் போயின. ஆனால் மேலே போகப் போக ஒவ்வொரு சுரமும் தூக்கலாக விழுந்தது. சியன் அண்ணன் முகம் ஊறுகாயைக் கடித்த மாதிரி ஆனது. பெய் ஃபாங்தான் கண்டுபிடித்தாள். "விரல்ல குத்தம் இல்ல அண்ணே. நூல்ல இருக்கு" என்றாள். கழுத்தோடு சேர்த்துத் தந்திகளைக் கட்டியிருக்கும் நூலைச் சொன்னாள். வாத்தியத்தின் அடிப்பெட்டிமேல் முழங்கையை ஊன்றி விரல் நுனி எங்கே எட்டுகிறதோ அங்கேதான் அதைக் கட்ட வேண்டுமாம், அவரவர் கைக்கு அவரவர் அளவு. அது உன் கைக்குக் கட்டியது. என் கை நீளம். அதனால் விரல் எட்ட எட்ட விழுகிறது. "அவுத்து உங்க கைக்குக் கட்டிடுவோம், ரெண்டு நிமிஷ வேலை" என்றாள்.

நான் வேண்டாம் என்றேன். நூல் இருக்கிற இடத்திலேயே இருக்கட்டும், நான் விரல்களை நெருக்கி வைத்துப் பழகுகிறேன் என்றேன். "சின்னச் செருப்புல பெரிய காலை நுழைக்கிறாரு பாரு" என்று பின்வரிசையில் யாரோ சொன்னார்கள். சொல்லட்டும். அன்றிலிருந்து தட்டும் பயிற்சியை நெருக்கி நெருக்கிச் செய்தேன். நான்கு விரல்களும் கூட்டமான படகுத்துறைப் படகுகள் மாதிரி இடித்துக்கொண்டாலும் சுரம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்ந்து வந்தது. "உங்க பிடிவாதத்துக்கு இந்த வாத்தியமே பயந்து வழிக்கு வருது" என்றாள் பெய் ஃபாங்.

நேற்றுக் காலை, வாசித்துக்கொண்டிருக்கும்போதே நூல் அறுந்துவிட்டது. பழைய பருத்தி நூல், என் தவறில்லை. பெய் ஃபாங்கும் அதையே சொன்னாள். தந்திகள் இரண்டும் தொளதொளவென்று தொங்கின. அவள் பையிலிருந்து புதுநூலை எடுத்து, "முழங்கையை ஊனுங்க அண்ணே" என்றாள். எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சியன் அண்ணன் பக்கத்தில் வந்து குனிந்து, "உன் கைக்குக் கட்டிக்கோ கென்ஷிங். அப்புறம் இது உன் இடம், நீயும் எங்கள்ல ஒருத்தன். யாரும் கேக்க மாட்டாங்க" என்றார். அன்பாகத்தான் சொன்னார். முழங்கையைப் பெட்டிவரை கொண்டுபோய்விட்டேன். வைக்க முடியவில்லை. வாத்தியத்தை உறையில் போட்டுக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். மாலையில் பெய் ஃபாங் வாசலில் வந்து நின்று, "பூ பூக்கிற வரைக்கும் நானும் அந்த இடத்துல உக்கார மாட்டேன், சியன் அண்ணன்கிட்ட சொல்லிட்டேன். ஆனா திரும்பி வருவாங்களான்னு நீங்க ஹுய்ஜுவான் அக்காகிட்ட கேட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

கேட்கிறேன். தோதோவுக்கு நீ வேண்டும், எனக்குத் தெரியும். லிங்யா வேலையும் பிள்ளையுமாகத் தவிப்பதும் தெரியும். அங்கே இருப்பதுதான் உனக்குச் சந்தோஷம் என்றால் அப்படியே எழுது; வீட்டைப் பூட்டிவிட்டு வருகிறேன், முணுமுணுக்க மாட்டேன். ஆனால் மகளுக்காகவும் எனக்காகவும் நீ 'பாக்கலாம்' என்று சொல்லியிருந்தால், அது எனக்கு வேண்டாம். உனக்கு என்ன வேண்டும் என்று நீயே எழுது. நீ இல்லாமல் இந்த வீடு எனக்குப் பிடிக்கவில்லை. இதைப் போனில் சொல்ல வெட்கமாக இருந்தது, எழுதிவிட்டேன்.

தோதோவைத் தலையில் தடவிக்கொடு. மூக்குத் துவாரம் சுத்தமாக இருக்கிறது என்று தாத்தா பாராட்டியதாகச் சொல். லிங்யாவும் மாப்பிள்ளையும் நேரத்துக்குச் சாப்பிட்டு, உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும்.

எர்ஹு மேஜைமேல் கிடக்கிறது. புதுநூல் வாங்கி வைத்திருக்கிறேன். பழைய நூல் இருந்த இடம் கழுத்தில் வெளுத்துத் தெரிகிறது. அதைப் பார்த்து நானே கட்டிவிடலாம். கட்டப் போவதில்லை. முழங்கையிலிருந்து விரல் நுனிவரை நீ அங்கே அளந்து தபாலில் அனுப்பிவிடாதே, ஹுய்ஜுவான். அளவு வந்து எனக்கு என்ன பிரயோசனம்? கையே வரட்டும்.

உன்
கென்ஷிங்