கிரேன் மேலிருந்து தெரிந்த மாடி

ஆயுத பூஜை, திங்கள் இரவு.

சேலத்திலிருந்து வந்திருக்கும் தங்கைக்கு நாலு நாளாகப் பட்டணத்தைச் சுற்றிக் காட்டினோம். உயிர் காலேஜ் என்கிற மிருகக்காட்சி சாலையில் புலி, செத்த காலேஜ் என்கிற மியூசியத்தில் திமிங்கில எலும்பு, மெரினாவில் சுண்டல். இன்று பூஜை என்பதால் ஹார்பருக்குள் குடும்பங்களை விட்டார்கள். இவர் ஓட்டும் கிரேனுக்கு வாழைக்கன்று கட்டிச் சந்தனம் பூசியிருந்தார்கள்.

"ஏறு, நான் கீறேன்ல" என்று எங்கள் இருவரையும் மேலே ஏற்றினார். எனக்கும் இதுதான் முதல் தடவை. கப்பல்களைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை திடீரென்று கத்தினாள்.

"அக்கா, அங்க பாரு, உன் பச்சைப் புடவை காயுது!"

எங்கள் ராயபுரத்து மொட்டை மாடிதான். கொடிக்கயிறுகூடத் தெரிந்தது.

"இன்னாய்யா, தெனம் இங்கேர்ந்து என்னப் பாத்துகினு இருந்தியா?"

"லோடு எறக்கவே நேரம் பத்தல, இதுல உன்ன வேற பாக்கறாங்களா?" என்று கிரேன் கேபின் கண்ணாடியைத் துடைத்தார்.

மாமியாரிடம் ஏச்சு வாங்கிய நாட்களில் மாடிக்குப் போய்த்தான் அழுவேன். யாருக்கும் தெரியாது என்று நினைத்திருந்தேன். அந்தச் சாயங்காலங்களில் மட்டும் இவர் பக்கோடா வாங்கி வருவார். இத்தனை வருஷமும் யோசிக்காமலே தின்றிருக்கிறேன்.

இப்போது குறட்டை விடுகிறார். நாளைக்கு மாடியில் நின்று சும்மாவாவது கண்ணைத் துடைத்துப் பார்க்க வேண்டும்.