சாக்கூசிப் பாட்டுக்குப் பொலிஸ் சாட்சி

அனுப்புநர்:
க. தில்லைநாதன்,
தொலைத்தொடர்பு நிலைய உரிமையாளர்,
காலி வீதி, வெள்ளவத்தை, கொழும்பு 06.

பெறுநர்:
பொறுப்பதிகாரி அவர்கள்,
பொலிஸ் நிலையம், கொழும்பு 06.

விடயம்: திருமதி ஆறாயி தொடர்பாக 19.05.2007 அன்று எழுதப்பட்ட பதிவின் உறுதிப்படுத்திய பிரதி கோரலும், என் மீது நானே செய்யும் முறைப்பாடும்.

மதிப்பிற்குரிய ஐயா,

1. கொட்டாஞ்சேனையில் வசிக்கும் திருமதி வேலுசாமி ஆறாயி, கொச்சிக்கடைக் களஞ்சியமொன்றில் சாக்குத் தைப்பவர். பாமன்கடையிலுள்ள அக்கா வீட்டுக்கு வரும் நாட்களில் என் கடையிலிருந்து கட்டாரிலுள்ள கணவருக்குக் கோல் எடுப்பார். லைன் கிடைக்கும்வரை, ஊசி ஏறி இறங்கும் தாளத்தில் தானே கட்டிய ஒரு பாட்டை மெதுவாகப் பாடிக்கொண்டிருப்பார். நான் முறையாகச் சங்கீதம் படித்துப் பரீட்சையும் பாஸ் பண்ணியவன். அந்தக் குரலைக் கேட்ட அன்று என் சங்கீதத்தை மூட்டை கட்டி வைத்துவிடலாம் என்றே நினைத்தேன்.

2. மேற்படி திகதியில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, அந்தச் 'சாக்கூசிப் பாட்டை' என் கடைக் கணினியில் ஒலிப்பதிவு செய்து சீடியொன்றைக் கொடுத்தேன். அவர் சென்ற பஸ் சோதனைச் சாவடியில் மறிக்கப்பட்டது. தமிழ்ப் பாட்டுள்ள சீடி என்றதும், யுத்தகாலச் சந்தேகத்தில் அவரைத் தங்கள் நிலையத்துக்குக் கொண்டுசென்றனர். உறையில் என் கடை முத்திரை இருந்தபடியால் என்னையும் அழைத்தனர். விழுந்தடித்து ஓடி வந்தேன்.

3. சீடியிலுள்ள குரல் அவருடையதுதானா என்று சார்ஜண்ட் பாடிக் காட்டச் சொன்னார். ஐயோ, அந்தப் பெண் பாடினாரே! தட்டச்சு செய்துகொண்டிருந்தவரின் கை நின்றுவிட்டது. சார்ஜண்ட் 'ஆயெத் கியன்ன' என்று சிங்களத்தில் மறுபடியும் பாடச் சொன்னார். நான் கதவோரம் ஒதுங்கியதைக் கண்ட கொன்ஸ்டபிள் பதியுதீன் அவர்கள், 'பயப்படாதீங்க அண்ணன், சந்தேகத்துல இல்ல, இன்னொருக்காக் கேக்கத்தான் நிப்பாட்டி வெச்சிருக்கார்' என்றார். பின்னர் பாடலின் பெயர், பாடியவரின் முழுப்பெயர், அடையாள அட்டை இலக்கம், விலாசம், குரல் ஒன்றே என்ற குறிப்பு யாவும் பதிவுப் புத்தகத்தில் எழுதப்பட்டன.

4. மறுவாரம், தமிழ்ப் பாடல்களை இலவசமாகப் பகிரும் வெளிநாட்டு இணையத்தளமொன்றில் அப்பாடலை ஏற்றினேன். அந்தத் தளத்தை நான் குறைகூறமாட்டேன். களஞ்சிய வாசலைத் தாண்டாத குரலை மூன்று மாதத்தில் நாற்பத்தோராயிரம் பேருக்குக் கேட்க வைத்தது அதுதான். தவறு என்னுடையது. பாடியவர் பெயர் கேட்ட இடத்தை வெறுமையாக விட்டேன். தமிழர் பெயரும் ஊரும் சேர்ந்து எங்காவது எழுதப்பட்டால் பொலிஸ் புத்தகம்வரை போய்விடும் காலம் இது. அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டேன்.

5. வெறுமையாகக் கிடந்த இடத்தில், வெளிநாட்டிலுள்ள ஒரு பாடகி செப்டெம்பரில் தன் பெயரைப் போட்டுக்கொண்டார். தளமும் ஏற்றுக்கொண்டது. கொட்டாஞ்சேனைக் கலைவிழாவொன்றில் பாடப்போன ஆறாயியிடம், பாட்டுக்குரியவர் என்று தளத்திலுள்ள அந்தப் பாடகியின் அனுமதிக் கடிதம் கொண்டுவரச் சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அன்றிலிருந்து அவர் சாக்குத் தைக்கும்போதும் பாடுவதில்லை. 'எம்பாட்டையே களவாப் பாடுற மாதிரி இருக்குங்கண்ணே' என்கிறார். அதைக் கேட்டு நான் வெட்கத்தால் குறுகிப்போனேன்.

6. தளத்தாருக்கு எழுதினேன். செப்டெம்பருக்கு முந்திய திகதியுடன், பாடலையும் பாடியவரையும் குறிப்பிடும் அரச ஆவணமொன்றை 30.11.2007க்கு முன் அனுப்பினால் பெயரைத் திருத்துவதாகப் பதில் தந்துள்ளனர். அப்படிப்பட்ட ஆவணம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது தங்களிடம் இருக்கிறது.

7. எந்தப் புத்தகத்துக்குப் பயந்து நான் அவர் பெயரை எழுதாமல் விட்டேனோ, அந்தப் புத்தகந்தான் அதை முழுதாக எழுதி வைத்திருக்கிறது. ஆகவே அந்தப் பக்கத்தின் பிரதியைக் காலம் கடவாமல் தந்துதவுமாறு மிகவும் பணிவுடன் வேண்டுகிறேன். குரலை மீண்டும் ஒப்பிட வேண்டுமாயின் ஆறாயியை நானே அழைத்து வருகிறேன். தங்கள் நிலையத்தில் மட்டும் அவரிடம் யாரும் அனுமதிக் கடிதம் கேட்கமாட்டார்கள் என்று அவருக்குச் சொல்லி வைத்திருக்கிறேன்.

தங்கள் தயவை எதிர்பார்த்திருக்கும்,
க. தில்லைநாதன் (ஒப்பம்)

இடம்: வெள்ளவத்தை
திகதி: 12.11.2007