அரை லிட்டர் கோடு

பிப்ரவரி 3, 2025
650 மில்லி. சீச்சீ. அஞ்சாம் வகுப்போடு பேனாவை வைத்தவள், மறுபடி எடுத்தது புருஷன் மூத்திரத்தை அளந்து எழுத.
பூண்டு மூட்டை ஏற்றிப்போன ஜீப் கவிழ்ந்து அவர் தொடை கிழிந்தது. மலையிறங்குவதற்குள் பாதி ரத்தம் போய்விட்டது. ரத்தம் ஓடாமல் கிட்னி வாடிவிட்டதாம். தேறும்வரை காப்பாற்றுவது நம் கையில் என்று டாக்டரம்மா சௌம்யா சொல்லி அனுப்பினார். வலி மாத்திரை தொடக்கூடாது. ஒவ்வொரு தடவையும் மக்கில் அளக்க வேண்டும். ஒரு நாளைக்கு மொத்தம் அரை லிட்டர் கோட்டைத் தொடாவிட்டால் உடனே கூட்டிவர வேண்டும்; ரத்தத்தைச் சுத்தம் பண்ணும் மிஷினில் போடுவார்களாம்.

பிப்ரவரி 5
560. டீ வடிகட்டியைக் கழுவிய நிறம். மூக்கில் முந்தானை.
"மகாராசா, பன்னீர் ரெடியா?"
சிரிக்கவில்லை. "தொடை வலிக்குடி," என்றார்.

பிப்ரவரி 8
900. முகம்தான் ஏனோ ஊதிக் கெடக்கு.

பிப்ரவரி 9
1100. கேசரி கிண்டித் தெருவுக்கே கொடுத்தேன். நாற்றம்கூடப் போய்விட்டது என்று பீற்றிக்கொண்டேன்.

பிப்ரவரி 10
வெள்ளனே மக்கைத் தூக்கினேன். சில்லென்று இருந்தது. இப்போதுதானே ஒன்றுக்குப் போனார் - எப்படிச் சில்லிடும்? முகர்ந்தேன். த்தூ, நானே முகர்ந்தேன். குழாய்த் தண்ணி.
தலையணைக்கடியில் வலி மாத்திரை அட்டை இரண்டு, காலி. கடைக்கார நாச்சிமுத்து கொடுத்ததாம்.
"எதுக்குய்யா தண்ணிய ஊத்துன?"
"கொறஞ்சா மிசின்ல மாட்டிருவாங்கல்ல, அன்னக்கொடி."
"டாக்டரம்மாவ ஏமாத்துவ. கிட்னிய ஏமாத்துவியா?"
பச்சத் தண்ணிய அளந்து எழுதிட்டு, ஊருக்குக் கேசரி வேற குடுத்திருக்கேன். என்ன பொழப்பு இது? ஜீப்ப வரச் சொல்லியாச்சு.

பிப்ரவரி 11
நிஜம்: 180. மிஷினில் போட்டார்கள். அவர் ரத்தம் குழாய் வழியே வெளியே போய்ச் சுற்றி வந்தது. வராந்தாவுக்கு ஓடி வாந்தி எடுத்தேன்.

பிப்ரவரி 18
240. நாலாவது தடவை மிஷின். என்னிடம் பேச மாட்டேன் என்கிறார். நானும்தான்.

பிப்ரவரி 27
410. ஒரு வாரமாக மிஷின் இல்லை. "பன்னீர் ரெடி," என்றார், சுவரைப் பார்த்துக்கொண்டு.

மார்ச் 6
620. மக்கு வெதுவெதுப்பாக இருந்தது. நாற்றம் குடலைப் பிடுங்கியது.
இன்னொரு தடவை முகர்ந்தேன்.