மெழுகுதிரிக்குத் தடை

12.10.1996, சனி

நாங்கள் இருக்கிற மில்லிக்கன் பக்கம் முழுக்க இலை கொட்டுது. முன்வீட்டு வெள்ளைக்காரி காலமை தொடங்கி முற்றத்தில வேலை. புல்லுப் பிடுங்கிறாளாக்கும் எண்டு பார்த்தால், கல்லறை நடுகிறாள். ஐஞ்சு கல்லறை. ரெஜிபோம் அட்டையில வெட்டினது, காத்தடிச்சால் பறக்கும். மண்ணுக்குள்ளால ஒரு ரப்பர் கையும் வந்து நிக்குது. என்னைக் கண்டு கை காட்டினாள். நானும் காட்டினன். என்ன செய்யிறது.

என்ர மனிசி றீற்றாவுக்குக் கல்லு வைக்க எங்களுக்கு ஏழு மாசம் பிடிச்சது. இவள் ஒரு காலமைக்குள்ள ஐஞ்சு வைச்சிட்டாள்.

(ரெண்டாம் வகுப்போட வலை இழுக்கப் போனவன் நான். இதில எழுத்துப் பிழை பார்க்க ஆளில்லை எண்ட துணிவில எழுதுறன்.)

15.10, செவ்வாய்

மகனிட்டைக் கேட்டன். நவம்பர் ரெண்டு ஆத்துமாக்களின்ர திருநாள். அம்மாவுக்கு முதல் வருஷம். சேமக்காலைக்குப் போய்க் கல்லறையில மெழுகுதிரி கொளுத்தவேணும்.

அகஸ்ரின் காரை ஓட்டிக்கொண்டே சொன்னான்: "அங்க நெருப்புக் கொளுத்தேலாதப்பா. வாசலில அறிவிப்புப் போட் போட்டிருக்கு."

"எனக்கு இங்கிலிசு வாசிக்கத் தெரியாது."

"எனக்குத் தெரியும்தானே."

படிப்பிச்சது பிழையாய்ப் போச்சு.

16.10

றீற்றாவுக்கு இருட்டெண்டால் பயம். லாம்பில்லாமல் கிணத்தடிக்கும் போகாள். நான் தொழிலுக்குக் கடலில நிக்கிற இரவுகளில விளக்கைத் தணிக்காமல்தான் படுப்பாள். எண்ணெய் வீண் எண்டு பேசியிருக்கிறன். ஆசுப்பத்திரியில என்ர கையைப் பிடிச்சுக் கேட்டாள்: "திருநாளுக்கு எனக்கொரு திரி கொளுத்துவியள்தானே?" ஓம் எண்டன்.

ஓம் எண்டு சொல்லேக்க போட் இருக்கிறது தெரியாது.

20.10, ஞாயிறு

பூசை முடிய அமிர்தநாதர் மாஸ்ரரைக் கண்டன். ஊரில சரித்திரம் படிப்பிச்சவர். இவையளின்ர ஹலோவீன் பேய்க்கூத்தைப் பற்றிச் சொல்லி ஏசினன்.

"பேயில்லைக் காணும். உது எங்கட சகல அர்ச்சிஷ்டவர்களின்ர, எல்லாப் புனிதரின்ர, திருநாளுக்கு முதல் நாள் இரவு," எண்டார். அதுக்கும் முதல், அயர்லாந்துச் சனம் அந்த இரவில செத்தவை திரும்பி வருவினம் எண்டு நெருப்பு மூட்டினதாம். கோயில் அதுக்கு மேலால அர்ச்சிஷ்டவர்களை ஏத்தி வைச்சதாம். அங்க கிழங்கைக் குடைஞ்சு விளக்கு வைச்சவை இஞ்ச வந்து பூசணிக்காய்க்கு மாறிச்சினமாம்.

"கள்ளுக்கொட்டிலைப் பிடுங்காமல் அதுக்குள்ளையே சுரூபத்தை வைச்ச மாதிரி," எண்டன். மாஸ்ரர் சிரிக்கேல்லை. பக்கத்தில சுவாமியார் நிண்டவர்.

29.10, செவ்வாய்

மருமகள் வேரோனிக்கா இவ்வளவு பெரிய பூசணிக்காய் கொண்டு வந்தாள். கறிக்கெண்டு சந்தோசப்பட்டன்.

"உது சமைக்கிறதில்லை மாமா, முகம் வெட்டுறது."

பேத்தி செரீனாவும் தாயும் மேசையில வைச்சு வெட்டினவை. கண் சரி, மூக்குச் சரி. வாய் வெட்டேக்க மேல் முன்பல்லு ஒண்டு முறிஞ்சு போச்சு. றீற்றாவுக்கும் அதே பல்லுத்தான் இல்லை. கனநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தன்.

31.10, வியாழன்

வாசலில கதிரை போட்டு, குரங்குத் தொப்பி போட்டு, போர்வையால மூடிக்கொண்டு இருந்தன். வேஷம் போட்டு இனிப்புக் கேட்டு வந்த பிள்ளையள் என்னையும் பொம்மை எண்டு நினைச்சுதுகள். ஒரு சூனியக்காரி மூக்கைத் தொட்டுப் பார்த்தாள். தும்மினன். மூண்டு பேய் ரோட்டைத் தாண்டி ஓடிச்சுது.

பிறகு ஒருத்தன் வந்தான். தலையில சாக்கு. ரெண்டு ஓட்டை, ரெண்டு கண்.

எண்பத்தெட்டாம் ஆண்டு, ஊரில. சந்தியில பெடியளை வரிசையாய் இருத்திப்போட்டு ஆமி இப்பிடி ஒரு சாக்கைத்தான் கூட்டிக்கொண்டு வந்தது. தலையாட்டி, ஆளைக் காட்டிக்குடுக்கிறவன். தலை ஆட்டினால் ட்ரக்கில ஏத்துவாங்கள். அகஸ்ரினுக்கு முன்னால கனநேரம் நிண்டுது. ஆட்டேல்லை.

சாக்லேட் தட்டோட வந்த அகஸ்ரின் சாக்கைக் கண்டு அப்பிடியே நிண்டிட்டான். பிறகு தட்டை என்ர மடியில வைச்சிட்டு ரெண்டு கையாலும் அள்ளிப் போட்டான். சாக்கு தலையை ஆட்டி "தாங்க் யூ" எண்டுது.



1.11, வெள்ளி

ரோட்டுக்கரை முழுக்கக் குப்பையோட பூசணிக்காய். நேற்று ராசா, இண்டைக்கு நாறல். எங்கடதை நான் கராஜுக்குள்ள ஒளிச்சிட்டன்.

2.11, சனி — திருநாள்

சேமக்காலைக்குப் போக நானும் மகனும்தான் வெளிக்கிட்டம். என்ர மடியில ஒரு பை.

"உதுக்குள்ள என்னப்பா?"

"பூசணிக்காய்."

"ஐயோ, சேமக்காலைக்கோ?"

சேமக்காலை வாசலில காரை நிப்பாட்டச் சொன்னன். "பூசணிக்காய் கூடாதெண்டு போட்டிலை இருக்கோ? நீ படிச்சனிதானே, வாசி." மேலயிருந்து கீழ மட்டும் வாசிச்சான்.

"இல்லை."

"பிறகென்ன?"

ஐஞ்சு மணிக்கே இருளத் தொடங்கியிட்டுது. அகஸ்ரின் பூவுக்குத் தண்ணி எடுக்கப் போன நேரம், நான் கல்லடியில குந்தி, மூடியைத் திறந்து, உள்ளுக்குத் திரியை வைச்சுக் கொளுத்தினன். காத்துக்கு அணையேல்லை. அயர்லாந்துக்காரன் விசரனில்லை.

திரும்பி வந்தவன் கண்டு திகைச்சுப் போனான். அதே நேரம் காவல்காரன்ர வாகனமும் வந்து நிண்டுது. கண்ணாடியை இறக்கிப் பூசணிக்காயைப் பார்த்தான். எங்களைப் பார்த்தான். என்னவோ சொல்லிச் சிரிச்சான்.

"என்னவாம்?"

"வடிவாய் வெட்டியிருக்காம். ஆனால் ஹலோவீன் முடிஞ்சு ரெண்டு நாளாம்."

"எங்களுக்கு இண்டைக்குத்தான் எண்டு சொல்லு."

மகன் சொன்னான். நான் சொன்னதிலும் பார்க்க நீளமாய்ச் சொன்னான். காவல்காரன் தொப்பியைக் கழட்டி நெஞ்சில வைச்சிட்டுப் போனான்.

செபம் சொல்லி முடிச்சு எழும்பினம். நாலடி நடந்த அகஸ்ரின் திரும்பிப் போனான். பூசணிக்காயின்ர முகம் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தது. குனிஞ்சு மெல்லத் திருப்பி, கல்லைப் பார்க்க வைச்சான். வெளிச்சம் அவளின்ர பேரில விழுந்தது. அந்த இங்கிலிசு எழுத்து எனக்குத் தெரியாது. பேர் தெரியும்.

3.11, ஞாயிறு

காலமை செரீனா தன்ர பூசணிக்காயைத் தேடினாள். நான் தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டிருந்தன்.

அகஸ்ரின்தான் சொன்னான்: "அது அப்பம்மாட்டை நிக்குது."