தவிட்டுக்கு வாங்கிய பேர்

ஆகஸ்ட் 12, 1957, திங்கள்

விடாத மழை. துணி எதுவும் காயவில்லை. அடுப்பு மேல் கொடி கட்டிப் போட்டிருக்கிறேன். எல்லாம் புகை வாசம்.

பையனுக்கு மறுபடி சளி. பால் குடிக்கும்போது மூச்சு இழுக்கிறது. மு.வுக்கும் இப்படித்தான் ஆரம்பித்தது. சா.வுக்கும். போன இரண்டின் பேரையும் முழுசாக எழுதக் கை வருவதில்லை. இவனுக்கு இன்னும் பேரே வைக்கவில்லை. வைக்கப் பயம்.

அண்ணி, இவருடைய அக்கா, புக்கிட் ரம்பாயிலிருந்து பஸ் பிடித்து வந்தார். குடையை மடக்கும் முன்பே பேச்சு.

"பேசாம தவிட்டுக்கு வித்துருங்க. வாங்குறவ பெத்ததுல ஒன்னுகூட தவறியிருக்கக் கூடாது. அவதான் பேரு வைக்கணும். அப்புறம் அது அவ புள்ள, நீங்க சும்மா வளக்குறீங்க. எமன் உங்க வீட்டுக் கணக்குல தேட மாட்டான்."

சிரிப்பு வரவில்லை. சரி என்றேன்.

ஆக. 15

யாரிடம் விற்பது? யோசித்துப் பார்த்தது:
கடைக்காரர் சம்சாரம். ஒன்று தவறியது.
பின்வீட்டு மீனாட்சி. இரண்டு.
கோயில் பக்கத்து செட்டியார் வீட்டம்மா. பிள்ளையே இல்லை.
ஜப்பான்காரன் காலத்தில் பிள்ளை சாகாத வீடு எங்கள் காஜா பேராங்கில் எங்கே இருக்கிறது.

சாப்பிடும்போது இவர் சொன்னார்: "நம்ம மேம் இருக்காங்கல்ல? மூணு பசங்க. ஹாலுல போட்டோ மாட்டிருக்காங்க. மூணும் குதிர மாதிரி."

உஜோங் பாசிர் பங்களா என்ஜினியர் துரைக்கு இவர் கார் ஓட்டுகிறார். வெள்ளைக்காரர்கள்தான், இங்கிலீஷ்காரர்கள் இல்லை. நார்வே.

அண்ணி: "எந்த வெள்ளையா இருந்தா நமக்கென்ன? புள்ளைங்க நிக்குதுல்ல?"

மிளகாய் வாங்க வேண்டும். மண்ணெண்ணெய்.

ஆக. 18, ஞாயிறு

விற்றாயிற்று.

முறத்தில் தவிடு, கோழிக்கு வாங்குவதுதான். அதை மேம் கையில் கொடுத்து, இவர் மலாயில் விளக்கினார். கேலி செய்வாள் என்று பார்த்தேன். செய்யவில்லை. தவிட்டை என் மடியில் கொட்டினாள், பிள்ளையை வாங்கி மார்பில் வைத்துக்கொண்டாள். மடியில் தவிடு மட்டும் இருக்க, உடனே திருப்பி வாங்கக் கை நீட்டிவிட்டேன். விளையாட்டுதான் என்று தெரிந்தும்.

பேர் வைக்க அவளே மூன்று சொன்னாள். அவர்கள் ஊர்ப் பழைய ராஜாக்கள் பேராம். மாக்னுஸ், ஹரால்ட், சிகுர்ட். "நீயே எடு" என்றாள். வாங்கினவள்தான் வைக்க வேண்டும் என்று இவர் சொல்லிப் பார்த்தார், கேட்கவில்லை. மூன்றாவதைச் சொல்லும்போது குரல் தணிந்தது. அவளுக்குப் பிடித்தது அதுதான் போலிருக்கிறது என்று அதையே கேட்டேன். என் கையைப் பிடித்துக்கொண்டாள். கண் கலங்கியிருந்தது. நல்ல மனசு.

வழியில் அண்ணி நாலைந்து தரம் சொல்லிப் பார்த்துவிட்டு, "நம்ம வாயிலயே நுழையல. எமன் வாயிலயும் நுழையாது, போ."

ஆக. 23

மழை இல்லை. துணியெல்லாம் மொடமொடவென்று காய்ந்தது.

சளி குறைவு. நன்றாகக் குடித்தான். சிகுர்ட், சிகுர்ட் என்று மாவு பிசையும்போதும் சொல்லிப் பழகுகிறேன். கூப்பிட்டால் தலையைத் திருப்புகிறான்!

துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயிலில் அர்ச்சனை. பேர் கேட்டார் ஐயர். சொன்னேன். மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். "நட்சத்திரம் மட்டும் சொல்லும்மா."

நம்பலாமா என்று தோன்றுகிறது. தோன்றுவதே பயமாக இருக்கிறது.

ஆக. 29

காய்ச்சல். டாக்டர் மருந்து, வேளைக்கு அரைக் கரண்டி. பாதி கக்கிவிட்டான். தெருப் பிள்ளைகள் சனிக்கிழமைச் சுதந்திரத்துக்கு மெர்டேக்கா, மெர்டேக்கா என்று கத்திப் பழகுகிறார்கள். தூங்கவிடுவதில்லை.

ஆக. 31, சனி

மெர்டேக்கா. ஊரே பாடாங் திடலில். எங்கள் வீட்டு வாசலிலும் இவர் கொடி கட்டினார். காய்ச்சல் இறங்கவில்லை.

மத்தியானம் மேம் வந்தாள், பால் டின்னோடு. பாயில் உட்கார்ந்து பிள்ளையை வாங்கிக்கொண்டாள். சிகுர்ட் என்று அவள் கூப்பிட்ட மாதிரி நான் கூப்பிட்டதே இல்லை. பிறகு கைப்பையிலிருந்து ஒரு சின்னப் போட்டோ எடுத்தாள். ஹாலில் இருப்பது இல்லை, அதற்கு முந்தியது. நான்கு பையன்கள். மடியில் இருந்த கடைக்குட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"சிகுர்ட். சுடா மாத்தி."

செத்துவிட்டானாம். சண்டைக் காலத்தில், அங்கே பனியில், காய்ச்சல் வந்து. இனிமேல் அந்தப் பேர் வீட்டில் சும்மா கிடக்காது என்றாள். சந்தோஷமாகச் சொன்னாள். என் பிள்ளை நெற்றியில் முத்தம் கொடுத்தாள்.

நான் சிரித்தேன். வேறென்ன செய்ய? அவள் சொன்ன மூன்று பேர்களில் அதைப் பொறுக்கி எடுத்தது நான்தானே.

இவர் வெளியே கார் துடைத்துக்கொண்டிருந்தார். ஒன்றும் தெரியாது.

செப். 1

அண்ணிக்குச் சொல்லவில்லை. இவருக்கும் சொல்லவில்லை. பேரை மாற்றலாம் என்றால், விற்ற பிள்ளைக்குப் பேர் வைக்க நான் யார். மாற்றினாலும் பிள்ளைக்குத் தெரிய வேண்டுமே. தம்பி என்றேன், ராசா என்றேன். அசையவில்லை. சிகுர்ட் என்றதும் கண்ணைத் திறந்தான்.

செப். 2

மறுபடி மழை. டாக்டரைக் கூட்டிவர இவர் கார் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். கஞ்சி அடிப்பிடித்துவிட்டது.

காலையில் கூப்பிட்டபோது கண்ணைத் திறந்தான். கொஞ்சம் முன்னால் கூப்பிட்டேன், உதடு மட்டும் அசைந்தது. இப்போது கூப்பிடப் பயமாக இருக்கிறது.