ஒன்பதாவது கேள்வி

என் மூத்தவளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அப்பாவின் முழங்கால் மட்டும் மழைக்கு முன்பே சேதி சொல்லிவிடுகிறது. போனில் பேசியிருக்கலாம்தான். பேசினால் நான் அழுதுவிடுவேன், நீயும் "சரிம்மா, விடும்மா" என்று வைத்துவிடுவாய்.

கோடை முகாமில் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளும் வேலைக்கான விண்ணப்பத்தை இன்னும் அனுப்பவில்லையாமே. தம்பி சொன்னான். வெள்ளிக்கிழமை கடைசி நாளாம். நீச்சல், முதலுதவி எல்லாம் எழுதியவள் ஒன்பதாவது கேள்வியில் நின்றுவிட்டாயாம்: 'உங்கள் பொறுப்பில் இருந்த குழந்தை எப்போதாவது காணாமல் போனதுண்டா?' "கூடப் பிறந்தவனையே தொலைச்சவ நான், ஊரான் பிள்ளையை யார் நம்பிக் கொடுப்பாங்க" என்று அவனிடம் சொன்னாயாம். தொலைந்தவன் தடிமாடு மாதிரி வளர்ந்து நிற்கிறான். சாப்பாட்டை எங்கே ஒளித்து வைத்தாலும் கண்டுபிடித்துவிடுகிறான்.

உனக்கு அப்போது பதினொரு வயது. பூங்காவில் அவனை உன்னிடம் விட்டுவிட்டு நான் சீட்டு வாங்க வரிசையில் நின்றேன். நாற்பது நிமிடம் கழித்துப் படகுக் கொட்டகையில் காவலாளி அவனைப் பிடித்துக் கொடுத்தார். "தண்ணி கேட்டான், உங்ககிட்டதாம்மா அனுப்பினேன்" என்று நீ அழுதாய். "வரவே இல்லையே" என்று சொல்லி, எல்லோர் முன்னாலும் உன்னை அறைந்தேன்.

வந்தான். என் கைப்பையைப் பிடித்து இழுத்தான். "அக்காகிட்ட போடா" என்று திரும்பிப் பார்க்காமலே தள்ளிவிட்டேன். அப்புறம் தேடி ஓடிவந்த உன் அப்பாவின் முகத்தைப் பார்த்ததும் பயத்தில் பொய் வந்துவிட்டது. பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். நம் வீட்டில் அது பத்து வருடமாக நடக்கிறது. நேற்று உன் அப்பாவிடம் சொன்னேன். "முதல்ல அவகிட்ட சொல்லு" என்றார்.

அந்தப் பூங்கா நாளிலிருந்துதான் நீ தலை எண்ண ஆரம்பித்தாய். பஸ்ஸில், கல்யாண வீட்டில், அத்தை பிள்ளைகளோடு கடைக்குப் போனால்கூட. "ஒண்ணு குறையுதே" என்று பதறுவாய். பார்த்தால் உன்னை விட்டுவிட்டு எண்ணியிருப்பாய். எல்லோரும் சிரிப்பார்கள். நான் மட்டும் வேறு பக்கம் திரும்பிக்கொள்வேன்.

அந்தக் கேள்விக்கு நடந்ததை நடந்தபடி எழுது. தொலைத்தது அம்மா என்று எழுது. இப்போதெல்லாம் ஒரு பிள்ளையை இன்னொருவரிடம் அனுப்பினால், அவர் கையைப் பிடித்துக்கொள்ளும்வரை நீ கண்ணை எடுப்பதில்லை. அதையும் எழுது. அதைவிட வேறென்ன தகுதி வேண்டும் அவர்களுக்கு?

என்னை மன்னித்துவிடு. உடனே முடியாவிட்டால் மெதுவாக மன்னி, ஆனால் விண்ணப்பத்தை மட்டும் வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பிவிடு. எத்தனை பிள்ளைகளைக் கூட்டிப் போனாலும் அத்தனை பேரையும் பத்திரமாகக் கூட்டி வருவாய், எனக்குத் தெரியும். எண்ணும்போது உன்னையும் சேர்த்து எண்ணிக்கொள், கண்ணு.

இப்படிக்கு,
அன்றைக்குத் திரும்பிப் பார்க்காத
உன் அம்மா