திரையோரத்து மஞ்சள் குறிப்பு

தீனா,

கம்ப்யூட்டர் மெதுவாக ஓடுகிறது என்று நான் உன்னிடம் சொல்லவில்லை. நீயாகத்தான், "மாமா, அரை மணி நேரத்துல பறக்க உட்டர்றனுங்க" என்று உட்கார்ந்தாய். தேவையில்லை என்று உனக்குத் தோன்றியதையெல்லாம் அழித்துவிட்டாய்.

இன்று காலை சுவிட்சைப் போட்டதுமே திரை வந்துவிட்டது. ஓரத்தில் உன் அக்காவின் மஞ்சள் குறிப்பைக் காணவில்லை. "ஏனுங்க, பசியோட உக்காராதீங்க. மொதல்ல சாப்புடுங்க." ஆஸ்பத்திரிக்குக் கிளம்பிய அன்று சௌந்தர்யா கம்ப்யூட்டரில் டைப் அடித்து வைத்தது. அதன்பிறகு அவள் வீடு திரும்பவில்லை. பதினொரு மாதமாக அதைப் பார்த்துவிட்டுத்தான் நான் சாப்பிடப் போகிறேன்.

ஒரு வார்த்தை என்னைக் கேட்க உனக்கு வாயில்லையா?

ராசிபுரத்திலிருந்து கம்ப்யூட்டர் சரிசெய்பவர் பதினொரு மணிக்கு வருவார். அழிந்ததை மீட்கப் பார்க்கிறேன் என்றார். அதுவரை நீ அதை ஆன் செய்யாதே, தொடவும் தொடாதே. வெளியே போனால் சாவியை மீட்டர் பெட்டியின் மேல் வை.

வேகமெல்லாம் எனக்கு வேண்டாம். பழையபடி ஆமைபோல ஓடட்டும்.

சபரி

பி.கு.: குறிப்பு கிடைத்துவிட்டால் உடனே போன் செய். கிடைக்காவிட்டால் நான் வந்தபிறகு சொல்.

இன்னொன்று: இட்லி பாத்திரத்தில் இருக்கிறது. பசியோடு உட்காராதே. முதலில் சாப்பிடு.